நேஷனல் மெரிட்: ஏப்ரலில் கேட்கும் அந்த இரண்டு கல்லூரிகள்

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏப்ரல் மாதம் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வரலாம். பிள்ளை நேஷனல் மெரிட் என்ற கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் அங்கீகாரத்துக்குத் தகுதியான மதிப்பெண் எடுத்திருக்கிறது, இதை எந்த இரண்டு கல்லூரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். சந்தோஷத்தோடு பதற்றமும் சேர்ந்து வரும். தப்பான பெயரைக் கொடுத்தால் உதவித்தொகை போய்விடுமா? அந்த இரண்டில் ஒன்றில்தான் சேர வேண்டுமா? பெரிய கல்லூரியாக எழுதினால் அட்மிஷனுக்கு உதவுமா?

முதல் இரண்டு பயமும் தேவையில்லை. ஏப்ரலில் கொடுக்கும் பெயர்கள் யாரையும் எதிலும் கட்டிப்போடுவதில்லை. பணத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி பல மாதம் கழித்துத் தனியாக வரும். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பதுபோல இதை நடத்துவது அரசாங்கம் அல்ல. 1955-ல் தொடங்கிய நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் கார்ப்பரேஷன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு இதை நடத்துகிறது. தலைமையிடம் இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன். பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி (கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் முன்னோட்டம்) தேர்வுதான் நுழைவாயில். அந்தத் தேர்வின் ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுத்தால் வருவது செலக்‌ஷன் இண்டெக்ஸ். அதிகபட்சம் 228. ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் பேர் போட்டியில் இருப்பார்கள். அதில் மேலே வரும் 50,000 பேரிடம்தான் இந்த ஏப்ரல் கேள்வி கேட்கப்படுகிறது. அமெரிக்காவிலேயே பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் குடியுரிமை கேட்பதில்லை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருப்பதால் நமக்கு இது இல்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

ஏப்ரலில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை அந்த 50,000 பேரில் இருக்கிறது. செமிஃபைனலிஸ்டா (உதவித்தொகைப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போகிறவர்), கமெண்டட் மாணவரா (பாராட்டுச் சான்றிதழோடு நிற்பவர்) என்பது செப்டம்பரில்தான் தெரியும். சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட், மீதி 34,000 பேர் கமெண்டட். கமெண்டட் ஆவதற்கு நாடு முழுக்க ஒரே மதிப்பெண் எல்லைதான். செமிஃபைனலிஸ்ட் எல்லையோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2025-ல் பள்ளி முடித்தவர்களுக்குக் கமெண்டட் எல்லை 208, ஆனால் நியூ ஜெர்சியில் செமிஃபைனலிஸ்ட் ஆக 223 வேண்டியிருந்தது. அதே ஆண்டில் 215 எடுத்த பிள்ளை நியூ ஜெர்சியில் கமெண்டட், வேறு சில மாநிலங்களில் செமிஃபைனலிஸ்ட்.

இங்கேதான் அந்த இரண்டு பெயர்களைப் பற்றி யோசிக்க ஒரு வழி கிடைக்கிறது. செமிஃபைனலிஸ்ட் பட்டியலை அந்த அமைப்பே நாட்டின் அங்கீகாரம் பெற்ற நான்காண்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே செமிஃபைனலிஸ்ட் ஆகும் பிள்ளையின் பெயர், ஏப்ரலில் குறிப்பிடாத கல்லூரிகளுக்கும் போகும். கமெண்டட் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியலை நம்பியிருக்க முடியாது. ஏப்ரலில் சொன்ன இரண்டு கல்லூரிகளுக்குப் பெயர் போவதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் அறிமுகம். அதனால், பிள்ளை கமெண்டட் நிலையோடு நின்றாலும் பயன்படும்படி அந்த இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப் பார்த்தால் ஹார்வர்டு, எம்ஐடி என்று எழுதுவதில் லாபம் குறைவு. ஐவி லீக் கல்லூரிகளும் எம்ஐடியும் மெரிட் அடிப்படையில் பணம் கொடுப்பதே இல்லை, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத்தான் உதவுகின்றன. அங்கே விண்ணப்பிக்கும்போது இந்த அங்கீகாரத்தை விருதுகள் பகுதியில் பிள்ளையே எழுதிவிடலாம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் நேஷனல் மெரிட்டுக்குப் பணம் தருவதை நிறுத்த 2005-லேயே முடிவெடுத்துவிட்டன. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் 2009-ல் விலகுவதாக அறிவித்தது.

மறுபக்கம் அலபாமா, ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களும், ரிச்சர்ட்சனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் நேஷனல் மெரிட் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதில் பேர் போனவை. பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு டாலஸ் வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தச் சலுகைகள் அடிக்கடி மாறும், அதனால் அந்தந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் இந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கருத்து இதுதான்: ஒரு பெயர் பிள்ளை உண்மையிலேயே ஆசைப்படும் கல்லூரியாக இருக்கட்டும், இன்னொன்று இந்த அங்கீகாரத்தை மதித்துப் பணம் தரும் கல்லூரியாக இருக்கட்டும். "அது வெறும் சேஃப்டி ஸ்கூல்தானே" (எப்படியும் இடம் கிடைத்துவிடும் கல்லூரி) என்று பிள்ளை முகம் சுளித்தாலும் அந்த இரண்டாவது பெயரை விட்டுவிடாதீர்கள். நான்கு வருடக் கட்டணம் என்பது எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் சின்ன விஷயம் இல்லை.

சரி, உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் எது? செமிஃபைனலிஸ்ட் ஆன பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கட்டுரை, மதிப்பெண் பட்டியல், பள்ளியின் பரிந்துரை, எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் எல்லாம் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் சுமார் 15,000 பேர் ஃபைனலிஸ்ட் ஆவார்கள். உதவித்தொகை மூன்று வகை: ஒரே ஒரு முறை தரும் 2,500 டாலர், நிறுவனங்கள் தருவது, கல்லூரிகள் தருவது. கல்லூரி தரும் வகைக்கு, அந்தக் கல்லூரியை "முதல் விருப்பம்" என்று நேஷனல் மெரிட் அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த ஒரு பெயரில்தான் பணம் இருக்கிறது. அந்த உதவித்தொகை ஆண்டுக்கு 500 முதல் 2,000 டாலர் வரைதான். ஆனால் சில கல்லூரிகள் தங்கள் பெரிய கட்டணச் சலுகையையும் இதே பதிவோடு கோத்து வைத்திருக்கின்றன.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் பதிவு செய்யலாம், பிறகு மாற்றவும் வழி உண்டு. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி கடைசித் தேதி வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு மெரிட் உதவித்தொகைதான். ஒரு கல்லூரி கொடுத்ததை இன்னொரு கல்லூரிக்கு எடுத்துப்போகவும் முடியாது.

அரசுப் பணம் சேரும் இடமும் ஒன்று உண்டு. ஃப்ளோரிடா மாநிலத்தின் பெனக்விஸ்டோ உதவித்தொகை, அங்கேயே பள்ளி முடித்து, நேஷனல் மெரிட் ஸ்காலராகி (அதாவது மெரிட் உதவித்தொகையே பெற்று), தகுதியுள்ள ஃப்ளோரிடா கல்லூரியில் சேரும் பிள்ளைக்கானது. பிரைட் ஃபியூச்சர்ஸ் என்ற ஃப்ளோரிடா மாநில உதவித்தொகையையும் நேஷனல் மெரிட் தொகையையும் கழித்து, படிப்புச் செலவில் மீதியைக் கணக்கிட்டுத் தருகிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் இதை மனதில் வைத்து முதல் விருப்பத்தை முடிவு செய்யலாம்.

அப்புறம் ஒரு விஷயம். அறிவிப்பு பள்ளி வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியில் கமெண்டட் சான்றிதழ்கள் 2022-ல் தாமதமாகவே மாணவர்கள் கைக்குப் போயின. முன்கூட்டிய விண்ணப்பங்களின் தேதி அதற்குள் தாண்டிவிட்டது. 2023 ஜனவரியில் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) விசாரணை அறிவிக்கும் அளவுக்கு அது பெரிதானது. பிள்ளையின் இண்டெக்ஸ் கமெண்டட் எல்லையைத் தொடும்போல இருந்தால், ஏப்ரலில் ஒருமுறையும் செப்டம்பர் நடுவில் ஒருமுறையும் பள்ளி கவுன்சிலரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.