ஒரே படத்திலிருந்து எழும் கற்சுவர்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள போரோபுதூர் பௌத்த நினைவாலயம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே போகிறவர்கள் கண்ணில் படாத ஒரு சுவர் அதற்கு இருக்கிறது. அடித்தளத்தைச் சுற்றி 160 புடைப்புச் சிற்பப் பலகைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தவர்களே, அதன் முன்னால் கற்களை அடுக்கி மூடிவிட்டார்கள். மேலே ஏற்றிய பாரம் சரிந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் கருதுகிறார்கள். அவசரமாகத்தான் மூடியிருக்க வேண்டும். சில பலகைகளில் வேலை முடியவில்லை, சிற்பிக்கு எழுதிவைத்த குறிப்புகள்கூட அழிக்கப்படாமல் நிற்கின்றன.

1885இல் இந்தச் சுவர் கண்டுபிடிக்கப்பட்டது. 1890-91இல் கற்களை விலக்கி, காசியன் செபாஸ் என்ற ஜாவா ஒளிப்படக் கலைஞர் 160 பலகைகளையும் படம் எடுத்தார். அப்புறம் பழையபடி மூடிவிட்டார்கள். இன்று தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. மூடிய சுவரைச் செபாஸின் படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாணமாக எழுப்ப ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.

அழிந்த அல்லது மறைந்த ஒன்றை இப்படி எழுப்ப வழக்கமான வழி, பல கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிடுவது. ஆப்கானிஸ்தானில் 2001இல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலையைச் சூரிச் ஆய்வாளர்கள் 1970இல் எடுத்த படங்களை வைத்து அப்படித்தான் மீட்டார்கள். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வது மாதிரி, இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். ஆனால் செபாஸ் விட்டுச்சென்றது பலகைக்கு ஒரு படம். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போலத்தான்.

ஒற்றைப் படத்தில் இருப்பது வெளிச்சமும் இருட்டும் மட்டும். ஓர் இடம் கறுப்பாகத் தெரிந்தால், அது நிழலா, பாசியா, ஈரமா? நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளங்கள் மேடாகத் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று நம் மூளை ஊகிப்பதால் வரும் குழப்பம் அது. முகத்தில் மூக்கு துருத்திக்கொண்டிருக்கும் என்று முன்பே தெரிந்தால்தான் குழப்பம் தீரும்.

அந்த முன்னறிவைத்தான் ஜப்பானின் ரிட்சுமேய்கான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். போரோபுதூரின் மேல்தளங்களில் 1,000க்கும் அதிகமான கதைச் சிற்பங்கள் வெட்டவெளியில் இருக்கின்றன. அப்படித் திறந்திருக்கும் சிற்பங்களின் படத்தையும் அளந்தெடுத்த முப்பரிமாண வடிவத்தையும் ஜோடியாக நியூரல் நெட்வொர்க்குக்கு (உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) காட்டலாம். அது படத்தைப் பார்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் ஆழத்தைச் சொல்லும். உண்மையான ஆழத்தோடு ஒப்பிட்டு, பிழை குறையும்படி அதன் உள் எண்கள் திருத்தப்படும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், இந்தக் கல்லில் தோள் எப்படி வளையும், ஆடையின் மடிப்பு எவ்வளவு எழும்பும் என்று அதற்குப் பிடிபட்டுவிடும்.

இந்த முறை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களில் பழகிய கணினி அழகான கோயில் ஒன்றை நொடியில் வரைந்து தந்துவிடும். ஆனால் அதில் எங்கிருந்தோ வந்த முகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஆசிரியர், அதே கட்டடம்.

சிக்கலும் இருந்தது. ஒரு தெருவைப் படமெடுத்தால் அதில் ஆழம் மீட்டர் கணக்கில் மாறும். புடைப்புச் சிற்பத்தில் எல்லாமே சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் முகமும் நகைகளும் மழுங்கிப்போயின. அந்தக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், மெல்ல வளைந்து இறங்கும் மென்மையான விளிம்புகளைத் தனியாக அடையாளம் காணவும் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். நுணுக்கங்கள் துலங்கின.

சரி, இதை எவ்வளவு நம்பலாம்? ஒரு கைக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் கணினி எதை வைத்தாலும் அது ஊகம். அந்த இடங்களை வேறு நிறத்தில் காட்டிவிட வேண்டும் என்பேன். மற்றதைச் சோதிக்க வழி உண்டு. தென்கிழக்கு மூலையில் திறந்திருக்கும் பலகைகளையும் செபாஸ் படம் எடுத்திருக்கிறார். கணினி சொல்லும் ஆழம் சரியா என்று அங்கே கல்லையே அளந்து பார்த்துவிடலாம்.