தாது மணல் படிவு ‘விரியும்’ என்று சொல்லும் அறிக்கையைப் படிப்பது எப்படி?

சென்ற மாதம் காரைக்குடியில் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த நண்பர் ஒருவர், வெளிநாட்டுக் கடற்கரையில் தாது மணலை, அதாவது கனிமம் செறிந்த மணலை, அள்ளும் திட்டம் ஒன்றில் பணம் போடும் எண்ணத்தோடு, அதன் அறிக்கையையும் முகவர் கொடுத்த மணல் பொட்டலத்தையும் நீட்டினார். படிவு இரு பக்கமும் நீண்டுகொண்டே போகிறது, வளம் இரு மடங்காகும் என்றது அறிக்கை. தென்கோடிக் கடற்கரையில் பல ஆண்டுகள் துளையிட்டு மணலை ஆராய்ந்த நிலவியலாளன் என்ற முறையில், அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அரிக்கன்சட்டியைக் கேட்டேன். “கழுவிக் குடுத்துருங்க தம்பி, காலையில அரிசி அரிக்கணும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு பிடி மணலைப் போட்டு நீர் விட்டுச் சுழற்றிச் சாய்த்தபோது, வெளுத்த குவார்ட்ஸ் நீரோடு வழிந்துபோக, சட்டியின் உள்வரிகளில் கருமணல் தங்கியது. நீரின் அடர்த்தி 1 என்றால் குவார்ட்ஸினுடையது 2.65, கருமணலில் இருக்கும் டைட்டானியத் தாதுவான இல்மனைட்டினுடையது ஏறத்தாழ 4.7. அலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் பருவக்காற்றில் அலை ஓங்கி அடிக்கும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் திரண்டு ஒதுங்குகிறது; அலையடங்கிய பாக் விரிகுடாவோரம் இருக்கும் நம் தொண்டியில் அந்த அளவுக்கு ஒதுங்குவதில்லை.

ஆனால் அலை அரித்துவைத்த மேல்மணலை அள்ளிப் பொட்டலம் கட்டினால் எந்தப் படிவும் செழிப்பாகவே தெரியும். படிவு விரிவது கரையோரமாகவோ, கடல் முன்பு உயர்ந்து நின்ற காலத்துப் பழைய கரைகளையும் மணல்மேடுகளையும் நோக்கி உள்நாட்டிலோ, ஆழத்திலோதான். அங்கெல்லாம் கனிமத்தின் செறிவு பெரும்பாலும் குறையும், களிமண் கூடும், கழுவும் செலவும் கூடவே ஏறும்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 1.7 லட்சம் டன் மணல். அதில் 10 விழுக்காடு அடர்த்தி மிகுந்த தாதுக் கனிமம் இருந்தால் 17,000 டன். கீழே இன்னும் 2 மீட்டரைச் சேர்த்து, அங்கே 2 விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைப்பது 6,800 டன். அள்ள வேண்டிய மணல் மும்மடங்காகிறது, கனிமமோ நூற்றுக்கு 40 பங்குதான் உயர்கிறது. இப்படிப்பட்ட அறிக்கைகளின் முகப்பில் அந்த மும்மடங்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

அந்தக் கனிமத்திலும் எது எவ்வளவு என்று கேட்க வேண்டும். சிர்கான், ரூட்டைல் என்ற கனிமங்கள் விலை போவதுபோல் கார்னெட் என்ற கனிமம் போகாது. அடுத்து, துளைகளின் இடைவெளி. நெருக்கமாகத் துளையிட்டு அளந்த வளம் வேறு, தொலைவில் இருக்கும் ஓரிரு துளைகளை வைத்து ஊகித்த வளம் வேறு; துளையே இடாமல் ‘நீளக்கூடும்’ என்பது வளக் கணக்கிலேயே சேராது. வரக்கூடும் என்று நினைக்கும் பணத்தை நம் பெரியவர்கள் ஐந்தொகையில் வரவு வைத்ததில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இம்மணலில் கலந்திருப்பதால், இது வெறும் மணல் வியாபாரம் அன்று. நம் தமிழ்நாட்டிலேயே 2013-இல் தனியார் தாது மணல் அள்ளுவதற்குத் தடை வந்தது. மைய அரசு 2019-இல் விதிகளைத் திருத்தியபின், மோனசைட் கலந்த கடற்கரை மணலை எடுக்கும் உரிமை அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. நண்பர் பணம் போட எண்ணும் நாட்டின் சட்டம் அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அங்கே கரையில் குடியிருப்போரைப் பற்றி அந்த ஒரு வரியும் இல்லை.

கடைசியில் துளை வரைபடத்தை விரித்தோம். புள்ளிகள் எல்லாம் நடுவில் குவிந்திருந்தன. நீள்கிறது என்ற இரு முனைகளிலும் அம்புக்குறி மட்டுமே இருந்தது. பொட்டலத்து மணல் எந்தத் துளையில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று முகவரிடம் எழுத்தில் கேட்பதாகச் சொல்லி நண்பர் எழுந்தார். நான் சட்டியைக் கழுவத் தொடங்கினேன்.