பார்த்த நாடகமா, பார்த்த மாதிரி நாடகமா?

புது நாடகம் தொடங்கி இரண்டு கிழமை ஆகாது, "உது முந்தி ஓடினதின்ரை கொப்பி" என்ற பேச்சு கிளிநொச்சிச் சந்தைக்கும் வந்துவிடும், முகநூலுக்கும் வந்துவிடும். பார்ப்பவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். வன்னியிலிருந்து குறும்படமும் யூரியூப் தொடரும் எழுதுகிறவர்கள் காதில்தான் அது வேறு மாதிரி விழுகிறது. ஒருவர் தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்று கொதிக்கிறார். இன்னொருவர் தன் கதை ஏற்கெனவே வந்துவிட்டதென்று எழுதிய கொப்பியை மூடி வைக்கிறார். பெரும்பாலும் இருவருமே பார்க்கவேண்டிய இடத்தை விட்டு வேறிடம் பார்க்கிறார்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலம்பு எப்போது உடையும் என்று முதலே தெரியும். போன முறை ஆடியதையே ஆடுகிறார்கள் என்று ஒருவரும் எழும்பிப் போவதில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் பாட்டை எடுத்துக் கொடுக்கும் விதம், ஆட்டக்காரர், அவரது குரல், இவற்றைத்தான் ஒப்பிட்டுப் பேசுவார்கள். சட்டத்தின் பார்வையும் கிட்டத்தட்ட இதுதான். எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் எண்ணத்துக்கும் கருத்துக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. அந்த எண்ணம் வசனமாக, காட்சியாக உருவெடுத்த பிறகே பதிப்புரிமை. இலங்கையும் இந்தியாவும் பேர்ண் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் உள்ள நாடுகள் என்பதால் சென்னையில் தயாரான தொடருக்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு.

இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது இன்றும் நல்ல அளவுகோல். டெல்லியில் அயலவர்களான பஞ்சாபிக் குடும்பமும் மதராஸ் குடும்பமும், பிள்ளைகளின் காதல், மாகாணப் பேதம்: மேடை நாடகத்திலும் இதுதான், பிறகு வந்த படத்திலும் இதுதான். ஆனாலும் வழக்குப் போட்ட நாடகாசிரியர் ஆனந்த் தோற்றார். கருவும் கதைப்பின்னலும் எவருக்கும் சொந்தமில்லை, இரண்டையும் பார்த்தவருக்கு இது நகல்தான் என்ற ஐயமற்ற எண்ணம் வரவேண்டும் என்றது தீர்ப்பு. இலங்கை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, வழிகாட்டும்.

தொலைக்காட்சி நாடகங்கள் ஒன்றுபோல் தெரிவதற்கு அவற்றின் அச்சே பாதிக் காரணம். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துச் சொச்சம். விளம்பரத்துக்கு முன் ஓர் அதிர்ச்சி, பகுதி முடிய இன்னொன்று, கிழமைக்கு ஐந்தாறு பகுதி. இந்த வேகத்தில் மாமியாரின் சாவிக்கொத்தும் ஆஸ்பத்திரி வராந்தாவும் நின்றுபோகும் கலியாணமும் வராமல் என்ன செய்யும்? உரிமை வாங்கி எடுத்த மறு ஆக்கங்களும் உண்டு. 2019இல் வங்காளத்தில் தொடங்கிய 'ஸ்ரீமொயி'தான் 2020இல் தமிழில் 'பாக்கியலட்சுமி' ஆனது, ஹிந்தியில் 'அனுபமா' ஆனது. தொடக்க எழுத்தோட்டத்தைப் பார்க்காமல் "கொப்பி" என்று பதிவு போடுகிறவர்கள் நிறைய.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் ஞாபகத்தை நம்பி ஒப்பிடாதீர்கள். இரண்டு வரியில் சுருக்கினால் உலகத்துக் கதைகள் எல்லாம் ஒன்றுதான். இரண்டு தொடரிலும் முதல் பத்துப் பகுதிகளைத் திரும்பப் போட்டு, காட்சி காட்சியாக அட்டவணை எழுதுங்கள்: யார், எங்கே, என்ன வேண்டி நிற்கிறார், என்ன நடக்கிறது, எதில் முடிகிறது, குறிப்பான வசனம் எது. பகுதி எண்ணும் நிமிடமும் பக்கத்தில் இருக்கவேண்டும். பிறகு சிவப்புப் பேனையால் எல்லா நாடகத்திலும் வருவதை வெட்டுங்கள். மிஞ்சுவதுதான் பேசத் தகுந்தது. அடகுத் துண்டு சீனிப் போத்தலுக்குள் இருக்கிறது, அதைப் பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை காண்கிறது, அன்றிரவே தாய் பொய் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் இதே ஒழுங்கில் மற்றத் தொடரிலும் வந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம். ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் இன்னும் வலு. சோதனைத் தாள் திருத்துகிற ஆசிரியருக்கு இது தெரியும்: சரியான விடை ஒத்திருப்பது பொருட்டல்ல, பிழையான விடை ஒத்திருந்தால்தான் வாங்குகளைத் திரும்பிப் பார்ப்பார்.

வன்னிக் கதைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று 2009இல் இடம்பெயர்ந்த பாதை எல்லாருக்கும் ஒன்று. பங்கரும் தவறிய பிள்ளையும் மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரமும் இரண்டு பிரதியில் வந்தால் அது திருட்டல்ல, ஒரே வாழ்வு. வெள்ளையரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் கதையும் அப்படித்தான். அவன் தோற்ற ஆண்டாகக் கற்சிலைமடுக் கல்லில் உள்ள 1803 எல்லாருக்கும் பொது. ஆனால் முன்னைய நாடகாசிரியர் கற்பனையில் படைத்த பாத்திரத்தை வரலாறென்று நம்பி அப்படியே எடுத்தால், அங்கே மாட்டுவீர்கள். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை அந்த உரிமை உயிரோடு இருக்கும்.

ஒளிபரப்பான தொடரை மற்றவர் பார்த்திருக்கலாம் என்று காட்டுவது சுலபம். வெளிவராத பிரதிக்கு, அவர் கையில் அது போய்ச் சேர்ந்ததை நீங்கள்தான் நிறுவவேண்டும். போனில் கதை சொல்லிவிட்டுப் பிறகு அழுவது இங்கேதான் நடக்கிறது. சொன்ன அன்றே "இன்று உங்களுக்குச் சொன்ன கதை" என்று சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழைய வரைவுகளை அழிக்காதீர்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு முறை இல்லை, தேவையும் இல்லை. திகதிக்குச் சான்றாகப் பிரதியை உங்களுக்கு நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி உறை உடைக்காமல் வைக்கும் வித்தையை நம்பியிருக்கவேண்டாம். உரிமையைக் கொடுப்பதாயின் எழுத்தில், கையொப்பத்தோடு. எழுத்தாளர் பெயர் எங்கே, எப்படி வரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

யூரியூப்பில் நகலைத் தானாகத் தேடும் கொன்டென்ட் ஐடி படத்தையும் ஒலியையும்தான் பிடிக்கும், கதை ஒற்றுமை அதற்குத் தெரியாது. காணொளியை நீக்கச் சொல்லி நீங்களே முறைப்பாடு கொடுத்து எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்ததைக் காட்டவேண்டும்; இல்லையேல் காணொளி திரும்ப ஏறிவிடும். வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம், கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் போனால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆத்திரத்தில் முகநூலில் "திருடன்" என்று எழுதினால் அவதூறுக்கு நட்டஈடு கேட்டு அவர் உங்கள் மேல் குடியியல் வழக்குப் போடலாம். அதனால் முதலில் சட்டத்தரணி ஒருவர் மூலம் கடிதம் அனுப்புங்கள். கேட்பது பெயரா, பணமா, நிறுத்தமா என்று அதில் தெளிவாக எழுதி, அந்தக் காட்சி அட்டவணையை இணையுங்கள்.