‘திறந்த விசாரணை’யாம்!

கல்லூரி மாணவர்களுக்கான கலந்துரையாடல் என்று வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. தலைப்பு, ‘திறந்த விசாரணை’. எதையும் தடையின்றிக் கேட்டு ஆராய்வதைச் சொல்லும் ‘ஓப்பன் இன்குவைரி’யைச் சிங்கப்பூரில் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “யாரு மேல கேஸு, மாமா?” என்றாள்.

சரியான கேள்வி. விசாரணை வடசொல், விசாரம் என்றால் ஆழ்ந்து எண்ணுதல். ரமணரின் ‘ஆன்ம விசாரம்’ அந்தப் பொருளில்தான். ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் ‘தேடு’ என்ற வினையிலிருந்து வந்ததே. வேர்வரை போனால் இரண்டும் உறவுதான். ஆனால் வேரைத் தோண்டிக்கொண்டா ஜனங்கள் பேப்பர் படிக்கிறார்கள்? மரண விசாரணை, போலிஸ் விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை விசாரணை. இப்படித்தான் அந்தச் சொல் புழங்குகிறது. முன்னால் ‘திறந்த’ சேர்ந்தால் பொதுமக்கள் பார்க்க நடக்கும் வழக்கு என்றாகிவிடும். சிக்காகோ பல்கலைக்கழகம் 2014இல் அமைத்த குழுவின் அறிக்கை, ‘ஓப்பன் இன்குவைரி’ என்ற தொடரைச் சொல்லித்தான் பேச, எழுத, கேட்க, எதிர்வாதம் செய்ய, கற்கப் பல்கலைக்கழகத்தார் எல்லாருக்கும் இயன்றவரை இடம் தருகிறது. விசாரணையிலோ ஒருவர் கேட்பார், இன்னொருவர் கூண்டில் நிற்பார். சந்தேகம் கேட்க வந்த பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறது இந்த மொழிபெயர்ப்பு.

‘கட்டற்ற ஆய்வு’ போதுமே! ‘கட்டற்ற’ என்பது விக்கிப்பீடியா பழக்கிவிட்ட சொல். ஆய்தல் என்றால் பொறுக்கிப் பிரித்தல். தேக்கா சந்தையில் வாங்கிய முளைக்கீரையைக் கொட்டி, அழுகல் இலை, புல், முற்றிய தண்டு என்று கிள்ளி ஒதுக்குகிறோமே, அதையும் கீரை ஆய்வது என்றுதான் சொல்கிறோம். எதையும் கொட்டிப் பார்க்கலாம், பார்த்தபின் ஒதுக்கலாம். ‘தேடல்’ என்பார் சிலர். அது கவிஞர்களிடமும் கூகுளிடமும் மாட்டிக்கொண்டு நாளாகிறது. ‘உசாவல்’ நல்ல தமிழ்தான், தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க, கூடவே ஒரு விளக்கம் அச்சடிக்க வேண்டிவரும்.

அதே அழைப்பிதழில் ‘ஃப்ரீ ஸ்பீச்’சுக்கு ‘இலவசப் பேச்சு’ வேறு! கணினி துப்பியதை ஒருவரும் வாய்விட்டுப் படிக்கவில்லை போலும். சிங்கப்பூர் ஹோங் லிம் பூங்காவில், பொதுவில் பேசுவதற்கென்று 2000இல் திறந்த பேச்சாளர் முனையில் பேசக் காசு கேட்பதில்லை. சமயம் பற்றியும் இனப்பகை மூட்டும் விதத்திலும் பேசத்தான் கூடாது. ஆக அது இலவசம்தான், ‘ஃப்ரீ’யா என்பது வேறு கேள்வி. பேசுவதை மட்டும் குறிக்கப் பேச்சுரிமை இருக்கிறது. எழுத்து, படம், நாடகம் எல்லாம் சேர்த்துச் சொல்லக் கருத்துச் சுதந்திரம். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு குடிமக்களுக்கு, வரம்புகளோடு, இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. மாணவர் இதழும் நாடகக் குழுவும் உள்ள கல்லூரிக்குப் பின்னதே பொருத்தம்.