புவியியல்: சொல்லுக்குள் இருக்கும் ‘இயல்பு’

என் அக்காள் மகள் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்), மேல்நிலைத் தேர்வுக்கு எச்2 நிலையில் ஜியாகிரஃபி எடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசை முழுக்கச் சம உயரக் கோடுகள் நெளியும் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த என் அம்மா, “என்னம்மா, பூகோளமா படிக்கிற?” என்று கேட்டார். “பூகோளம்னா என்ன பாட்டி? எங்க தமிழ் டீச்சர் புவியியல்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க” என்றாள் அவள். அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எது சரி?

இரண்டுமே தமிழில் வழங்கிய சொற்கள்தான். ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றல்ல.

பூகோளம் என்பது வடமொழிச் சொல். ‘பூ’ என்றால் பூமி, ‘கோளம்’ என்றால் உருண்டை. பூமி உருண்டையைப் பற்றிய படிப்பை முதலில் ‘பூகோள சாஸ்திரம்’ என்றார்கள். வாய்ப்பழக்கத்தில் சாஸ்திரம் உதிர்ந்து பூகோளம் மட்டும் நின்றது. அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில் அதுவே பாடத்தின் பெயர். சொல்லில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது படிக்கப்படும் பொருளுக்கான பெயர், படிப்பின் பெயரைச் சொல்லும் பாதி உதிர்ந்துவிட்டது. இன்று பூகோளம் என்றால் மேசையில் சுழற்றிப் பார்க்கும் உருண்டை மாதிரிதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

‘ஜியாகிரஃபி’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கே’ என்றால் பூமி, ‘கிராஃபெய்ன்’ என்றால் எழுதுதல், வரைதல். பூமியை எழுதுவது, அவ்வளவுதான். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனீஸ், கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில், இந்தச் சொல்லை முதலில் ஆண்டார் என்பது பொதுவான கருத்து. நிழலின் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் அவரே. சுமார் 400 ஆண்டுகள் கழித்து தாலமி என்ற கிரேக்க அறிஞர் எழுதிய நூலில் ஏறக்குறைய 8,000 இடங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நம் முசிறியும் காவிரிப்பூம்பட்டினமும் அதில் உண்டு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் மலாய்த் தீபகற்பமும் ‘பொன் தீபகற்பம்’ என்ற பெயரில் உண்டு. எங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதுதான் அந்தக் காலத்து ஜியாகிரஃபி, சொல்லும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

இனி புவியியல். புவி + இயல். ‘புவி’ வடமொழி ‘பூ’ என்ற வேரிலிருந்து வந்தது. பக்திப் பாடல்களிலேயே தமிழாகிப்போன சொல் என்பதால் எனக்கு அதில் உறுத்தல் இல்லை. தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் ‘ஞாலவியல்’ என்று எழுதுவதுண்டு. ஞாலுதல் என்றால் தொங்குதல். விண்ணில் தொங்குவதால் ஞாலம் என்று சொல்லாராய்ச்சியில் ஒரு விளக்கம் இருக்கிறது. அழகான விளக்கம்தான். ஆனால் ஒரு பாடத்தின் பெயரை ஊர் முழுவதும் ஒரே மாதிரி சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பயன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருப்பதும் புவியியல், இலங்கையில் உயர்தர மாணவர்கள் தமிழிலேயே படித்துத் தேர்வெழுதுவதும் புவியியல். சிங்கப்பூரும் அதையே சொல்வதுதான் நல்லது. ‘நிலவியல்’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது பாறைகளையும் பூமியின் உள்ளமைப்பையும் ஆராயும் வேறொரு துறைக்குப் பெயராகிவிட்டது.

எனக்குப் பிடித்த பகுதி ‘இயல்’. அறிவியல் துறைகளுக்கு இந்தச் சொல்லைப் பின்னொட்டாகச் சேர்க்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. சொல்லோ மிகப் பழையது. இயல்பு, இயற்கை, இயலும், இயங்கு எல்லாம் ஒரே குடும்பம். தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் இப்படி ஒரு நூற்பா இருக்கிறது: “முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு என மொழிப இயல்பு உணர்ந்தோரே.” இடமும் காலமும் மட்டும் முதற்பொருள் அல்ல, அவற்றின் இயல்புதான் முதற்பொருள். அதைச் சொல்பவர்களும் இயல்பு உணர்ந்தவர்கள். இரண்டு வரிக்குள் இரண்டு முறை ‘இயல்பு’. சிலப்பதிகாரம் பாலையைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல் வருகிறது: முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, “நல்லியல்பு இழந்து” பாலை என்ற வடிவம் கொள்ளும். பாலை தனியாக ஓரிடத்தில் கிடக்கும் நிலமல்ல. மழை பொய்த்து நிலம் மாறும்போது உண்டாகும் நிலை.

மேல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று எழுதினால் அது ‘கிராஃபி’, தகவலை எழுதிவைத்தல். கீழ்வகுப்பில் அது போதும். தொடக்கக் கல்லூரியில் ஏன் என்று கேட்பார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத தீவு. சுற்றிலும் வெதுவெதுப்பான கடல். காலையில் வெயில் நிலத்தைச் சுட, காற்று மேலெழுந்து குளிர்ந்து பிற்பகலில் இடியோடு இறங்குகிறது, இது வெப்பச்சலன மழை. விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று மழை வேறு. டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் நாள்கணக்கான அடைமழை வேறு. மூன்றும் மழைதான், மூன்றின் இயல்பும் வேறு வேறு. அதைப் பிரித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மதிப்பெண்.

‘மான்சூன்’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். பருவம் என்று பொருள்படும் ‘மௌசிம்’ என்ற அரபுச் சொல் போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. பேச்சில் நாம் ‘பருவமழை’ என்று சொல்லிவிடுகிறோம். பாடத்தில் அது போதாது, ஏனென்றால் மாறுவது காற்றின் திசை, மழை அதன் விளைவு. ‘பருவக்காற்று’ என்பதே சரி. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி, காற்றை விட்டுவிட்டு மழையை மட்டும் சொல்லலாமா?

அந்த வாரம் அவளோடு புக்கிட் தீமா குன்றுக்குப் போனேன். 164 மீட்டர்தான் உயரம் என்றாலும் சிங்கப்பூரின் உச்சி அதுதான், அடியில் இருப்பது கருங்கல். பழைய ஹின்டீட் கல்லுடைப்புக் குழியில் செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பாதையோரம் வெட்டுப்பட்ட மண்மேட்டின் அருகே நின்றாள். செம்மஞ்சள் நிறம். விரலால் அழுத்தினால் கேக் மாதிரி உதிர்ந்தது, விரல் நுனியில் கண்ணாடித் துணுக்கு போலச் சில மணிகள் ஒட்டிக்கொண்டன. “மாமா, இதுவும் கிரானைட்தான். வெதரிங் ஆகியிருக்கு” என்றாள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிவிடுகிறது. குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் எளிதில் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. இந்த ‘வெதரிங்’குக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வானிலைச் சிதைவு’ என்று எழுதுகின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது அது. ‘பாறைச் சிதைவு’ என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. எது சிதைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. சிதைவு இருந்த இடத்திலேயே நடக்கும். அந்தத் துகளை மழைநீர் வாரிக்கொண்டு போனால் அதன் பெயர் ‘அரிப்பு’. மண்ணரிப்பு, கடலரிப்பு எல்லாம் நாம் அறிந்த சொற்கள்தாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் ஏராளம் என்று அவளே சொன்னாள். தமிழில் சொன்னதும் வேறுபாடு சட்டென்று பிடிபட்டது அவளுக்கு.

இங்கே இந்தச் சொற்களைப் பிள்ளைகள் புவியியல் வகுப்பில் கேட்க வழியில்லை. தமிழ்வழியில் பாடம் நடத்திய கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன்பின் புவியியல் நமக்கு ஆங்கிலப் பாடம்தான். அதனால்தான் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. சிங்கப்பூரில் ‘உயர்நிலை’ என்றால் உயர்நிலைப்பள்ளி வகுப்புகள். தொடக்கக் கல்லூரியில் படித்து எழுதுவது ‘மேல்நிலை’. இலங்கைக்காரர்கள் ‘உயர்தரம்’ என்று சொல்வது நம் மேல்நிலையைத்தான். ஆகவே இங்கே ‘மேல்நிலைப் புவியியல்’ என்று எழுதுங்கள், இடையில் ப் மிகும். அப்புறம், புவியையும் இயலையும் சேர்க்கும்போது நடுவே யகர உடம்படுமெய் வரும், ‘புவியியல்’ என்று இரண்டு யகரம் இருக்க வேண்டும். அன்று மாலை அக்காள் மகள் தன் கோப்பின் அட்டையில் தமிழிலும் பெயர் எழுதி ஒட்டினாள். ‘புவியல்’ என்று இருந்தது. நடுவில் ஒரு ‘யி’ சேர்க்கச் சொன்னேன்.