பார்ஸ்டல் பள்ளி: சொல் விளக்கம்

சிறைத்துறைச் செய்திகளில் 'பார்ஸ்டல் பள்ளி' என்ற தொடரைப் பார்ப்பவர்கள், அதை நிறுவியவரின் பெயராகவே பார்ஸ்டலை எண்ணிக்கொள்வதுண்டு. போர்ஸ்டல் என்றும் எழுதப்படும் அது, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ராச்செஸ்டர் நகரை ஒட்டியுள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்த சிறையில் 1902ஆம் ஆண்டு, 16 முதல் 21 வயது வரையிலான குற்றவாளிகளை முதிர்ந்த கைதிகளிடமிருந்து பிரித்து, படிப்பும் கைத்தொழிலும் கற்பிக்கும் முறையை ஈவ்லின் ரக்ல்ஸ்-பிரைஸ் என்ற சிறை அதிகாரி நடைமுறைப்படுத்தினார். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றபின் ஊர்ப்பெயர் அம்முறைக்கே பெயராகிவிட்டது. இங்கிலாந்து அதை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டது. புதுக்கோட்டையில் இன்றும் பார்ஸ்டல் பள்ளி உண்டு.

இங்கிலாந்துச் சட்டம் 'பார்ஸ்டல் நிறுவனம்' என்றதை, 1925ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் 'பார்ஸ்டல் பள்ளி' என்றது. தமிழில் இம்மாற்றம் எதிர்பாராத வகையில் பொருந்திவிட்டது எனலாம். பள்ளி என்பதற்குப் படுக்கை, உறங்குமிடம் என்னும் பொருள்கள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகியவற்றில் நிற்பது அப்பொருளே. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் பள்ளி என்றனர். அங்கே அவர்கள் பாடமும் சொல்லிக்கொடுத்ததால் கல்விக்கூடம் அப்பெயர் பெற்றது என்பது பரவலான கருத்து. உறைவிடமும் வகுப்பறையும் ஒரே மதிலுக்குள் அமைந்த ஓரிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஆயினும் இதை வழக்கமான பள்ளியாகக் கருதுவது பிழை. ஆறாம் வகுப்பில் படிப்பை நிறுத்திய பத்தொன்பது வயது இளைஞரும், பதினொன்றாம் வகுப்பு வரை படித்த அதே வயதினரும் ஒரே அறையில் அமரும்போது, வயதைக் கொண்டு வகுப்புப் பிரிப்பதற்கு வழியே இல்லை. ஒருவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மற்றவருக்குத் தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுதவும் ஒரே ஆசிரியர் பயிற்சி தர நேர்வதுண்டு. பாடப்புத்தகத்தைவிட அவரவர் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதே அங்கு முதல் வேலை.

'சீர்திருத்தப் பள்ளி' என்பதே வழக்கிலுள்ள தமிழாக்கம். ஆனால் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிறுவர்களுக்கென ஏற்பட்ட வேறொரு வகைப் பள்ளிக்கும் அதே பெயர் வழங்கியதால் குழப்பம் நேர்கிறது. 'பயிற்சிப் பள்ளி' என்றாலோ அடைப்பு என்னும் உண்மையே மறைந்துவிடும். 'இளையோர் காவற்பள்ளி' என்பது என் பரிந்துரை: காவல் என்னும் சொல் தடுத்து வைப்பதையும் பாதுகாப்பதையும் சேர்த்தே குறிக்கும்.

கூர்நோக்கு இல்லத்தை இப்பெயரால் சுட்டலாகாது. அது விசாரணை முடியும்வரை 18 வயது நிறையாத சிறார் தங்கவைக்கப்படும் இடம். அங்கிருப்பவரைக் கைதி என்று எழுதுவதும் தவறு.