"சுகர் இல்லை" என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்?

"சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?" புறநோயாளிப் பிரிவில் தினமும் நாங்கள் கேட்கும் கேள்வி இது. எந்த வலி மாத்திரை எழுதலாம், அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுமா என்பது வரை பல முடிவுகள் இதற்கான பதிலைப் பொறுத்தே அமைகின்றன. பொது மருத்துவராக என் அனுபவத்தில், இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று வரும் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. "இல்லை" என்ற பதிலை மட்டும் பரிசோதித்துப் பார்க்காமல் நான் ஏற்பதில்லை.

நோயாளிகள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல இதற்குக் காரணம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கக்கூடியவை என்பதால், ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாதவர் "இல்லை" என்று மனமாரச் சொல்கிறார். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சோதித்துப் பார்ப்பதன் பயன் இதில்தான் இருக்கிறது.

இன்னொரு வகையினர், நோய் கண்டறியப்பட்டு மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு முன் உடல்தகுதி பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "எனக்கு ஒரு வியாதியும் கிடையாதுங்க" என்றார். உடன் வந்த மகள் மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த மாத்திரை அட்டைகளில் ஒன்று சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், மற்றொன்று இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின். "அதைப் போட்டா எல்லாம் நார்மலாத்தானே டாக்டர் இருக்கு?" என்று அவர் கேட்டதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மாத்திரையால் கட்டுக்குள் இருப்பதும் நோயே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் நான் நோயைக் கேட்பதற்கு முன், "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்கிறேன்.

எல்லா நோய்களிலும் இந்த நிலை ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் மக்கள் தாமே சொன்னதையும் மருத்துவப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின என்றும், இதயச் செயலிழப்பில் (உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியாத நிலை) அப்படி ஒத்துப்போகவில்லை என்றும் காட்டியது. மாரடைப்பு வந்த நாளை யாரும் மறப்பதில்லை. மெல்ல மெல்ல வரும் இதயச் செயலிழப்பையோ "ஹார்ட் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதை நோயாளி வயதின் தளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

சில நோய்களில் நிலைமை தலைகீழ். அங்கே "ஆம்" என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது. "வருஷா வருஷம் டைபாய்டு வரும்" என்பவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், பெரும்பாலும் டைபாய்டுக்கான வைடால் என்ற இரத்தப் பரிசோதனையின் ஒரே ஒரு முடிவு மட்டும் இருக்கும். முன்பு வந்த தொற்றாலோ தடுப்பூசியாலோகூட அது பாசிட்டிவ் காட்டக்கூடும். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் நோயை உறுதிசெய்யும். பென்சிலின் ஒவ்வாமையும் இப்படித்தான். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 சதவீத நோயாளிகள் தமக்கு அது இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கூறுகிறது.

தெரிந்தே சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. காசநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை பற்றியெல்லாம் மாமியாரோ மருமகனோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யார்தான் வாய் திறப்பார்? உடன் வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்பது எங்கள் கடமை.

மருத்துவர்களாகிய எங்களிடம் உள்ள பெரிய குறை, பல மருந்துச் சீட்டுகளில் மருந்துகள் மட்டும் இருக்க, நோயின் பெயரை எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே இருப்பது. அதை எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் தற்போதைய மாத்திரை அட்டைகளையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஒவ்வாமை இருந்தால், எந்த மருந்து, எந்த ஆண்டு, போட்ட எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத்திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா என்பதையும் உடனே குறித்து வையுங்கள். அடுத்த முறை அந்த மருந்தை அறவே தவிர்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய, "ஊசி ஒத்துக்காது" என்ற ஒற்றை வரியைவிட அந்தக் குறிப்பு எங்களுக்குப் பன்மடங்கு உதவும்.